காஞ்சிபுரத்தில் காயவைத்த கேன்வாஸ்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். என் புடவைகளுக்கு மேல் அந்தப் பழைய கேன்வாஸைச் சுருட்டி வைத்திருந்தேன். பூஞ்சை, எலி, மோட்டார் எண்ணெய் எல்லாம் சேர்ந்த வாசனை அதற்கு.

"இன்னாம்மா இது?" என்றார்.

இரண்டாம் உலகப் போரில் ராணுவ ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போன டிரெய்லரின் மூடி என்றேன்.

"இத வச்சி இன்னா பண்ணப் போறீங்க?"

"இதே மாதிரி புதுசு தைக்கணும்."

"எங்க?"

"காஞ்சிபுரத்துல."

அவர் என் முகத்தையும் மலேசியக் கடவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். காஞ்சிபுரத்துக்குத் துணி எடுக்க வரும் மலேசியப் பெண்களை அவர் தினமும் பார்ப்பார். இப்படி ஒரு துணியைக் கொண்டுவருபவளை அன்றுதான் பார்த்திருப்பார். பெட்டியை அவரே மூடி, போகச் சொல்லிவிட்டார்.

மலேசியாவில், தைப்பிங் என்ற ஊரில் எனக்கு ஒரு கேன்வாஸ் கடை இருக்கிறது. அப்பா வைத்தது, அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். லாரிக்கு மூடி, கடைவாசலுக்குச் சாய்ப்பு, படகுக்கு உறை என்று எதுவானாலும் தைப்போம். எங்கள் ஊரில் மழை வராத சாயங்காலமே அபூர்வம் என்பதால் வியாபாரத்துக்குக் குறைவில்லை.

லிம் என்று ஒரு சீனப் பெரியவர் எங்கள் வாடிக்கையாளர். கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம் ஒன்றில் கோழிக்கூண்டாகக் கிடந்த அந்த டிரெய்லரைக் கண்டுபிடித்து, துரு நீக்கி, சக்கரம் மாற்றி, ஆணி முதற்கொண்டு அந்தக் காலத்துப்படியே செய்துவிட்டார். பாக்கி இருந்தது மூடி மட்டும். அசல் பருத்திக் கேன்வாஸ் வேண்டும், நூலும் பருத்தியாக இருக்க வேண்டும், மூலைகள் பழைய மூடியில் மடிந்திருப்பது போலவே மடிய வேண்டும் என்றார். நான் இரண்டு தைத்துக் கொடுத்தேன். இரண்டையும் மிக மரியாதையாகத் திருப்பிக் கொண்டுவந்தார். முதலாவதில் நூல் மினுமினுத்ததாம். இரண்டாவதில் மூலை உப்பியிருந்தது. அதை நானே ஒப்புக்கொண்டேன்.

அந்த மூலையைத் தைக்கத் தெரிந்த ஒருவர் என் கடையில் இருந்தார். கன்னியப்பன் என்று பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வேலைக்கு வந்து, எங்கள் கடையில் பல வருடம் துணி வெட்டியவர். மனைவி வெகுகாலத்துக்கு முன்பே இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அக்காவுக்குக் கால் முறிந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லை, இரண்டே மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனார். வரவில்லை. ஊரிலேயே லாரித் தார்ப்பாய் தைக்கும் கடை போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். ஊசி, நூல், மழை பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம்.

பழைய மூடியைக் கூரியரில் அனுப்பியிருந்தால் அவர் தைத்து அனுப்பியிருப்பார். லிம்கூட அதைத்தான் சொன்னார். நான்தான் நேரில் போனால்தான் சரிவரும் என்று சாதித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மூடி ஒரு சாக்கு. அந்த மனிதரைத் திரும்ப அழைத்துவர முடியுமா என்று பார்க்கத்தான் நான் போனேன். கடையில் எல்லோரும் அவரை அண்ணே என்பார்கள். நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாது.

காஞ்சிபுரம் பேருந்து வாலாஜாபாத் தாண்டுவதற்குள் டயர் வெடித்து நின்றுவிட்டது. பின்னால் வந்த பேருந்தில் ஏற்கெனவே நிற்க இடமில்லை. அதில் எங்களையும் ஏற்றினார்கள். எங்கள் ஊரில் இப்படி ஏற்றினால் யாராவது போலீசுக்குப் போன் செய்வார்கள். இங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கு நாலு விரல் நகர்ந்து எனக்கு ஒரு இருக்கை உண்டாக்கிவிட்டார்கள். பக்கத்தில் குக்கரை மடியில் வைத்திருந்த அம்மாள் மூக்கைச் சுளித்தார்.

"பையில இன்னாமா, கருவாடா?"

"மிலிட்டரித் துணிங்க."

"ஊட்டுக்காரரு மிலிட்டரியா?"

"இல்லைங்க. எனக்குக் கல்யாணம் ஆகல."

"இந்த வயசு வரிக்குமா? ஏன்மா?" என்றார், ஓட்டுநர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்க மனிதர்களுக்குப் பத்து வருடப் பழக்கம் தேவை. இங்கே டிக்கெட் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், சிரிப்புத்தான் வந்தது. கடையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது என்றேன். அந்த அம்மாள் பையிலிருந்து அவித்த வேர்க்கடலை எடுத்து என் கையில் கொட்டினார்.

பேருந்து நிலையத்தில் கன்னியப்பன் கையில் இரண்டு ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. விமானத்தில் வரும்போதே என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்திருந்தேன். அவரைப் பார்த்ததும் எல்லாம் போய், "இங்க மழை இல்லையா?" என்று கேட்டேன்.

"நேத்து பேஞ்சிது. நீங்க வர்றீங்கன்னு நின்னுடுச்சி, தவுக்கே" என்றார். தவுக்கே என்றால் எங்கள் ஊரில் முதலாளி. மூன்று வருடம் போனில் கேட்ட சொல்தான். நேரில் கேட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. பேருந்துப் புகையின் மேல் பழியைப் போட்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் அவருடைய அக்கா வீடு. தனபாக்கியம் என்று பெயர். வீட்டிலேயே பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிறார். இரு பக்கத்து வீடுகளிலும் தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசியே அவருக்குக் குரல் பெரியதாகிவிட்டது போலிருக்கிறது. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"போன்ல பேசறப்ப இன்னும் குண்டா இருப்பியோன்னு நெனச்சேன். உக்காரு, சாப்பிடு."

கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். தைப்பிங்கில் கருவாடு நிறைய உண்டு. ஆனால் குழம்பு வைப்பது எப்படி என்று எங்களுக்கு மறந்துவிட்டது என்று அன்று தெரிந்துகொண்டேன். டீ மட்டும் ஏமாற்றம். எங்கள் ஊரில் குவளை நிறையக் கொடுப்பதை இங்கே இரண்டு மிடறில் முடித்துவிடுகிறார்கள். வாசனை வருவதற்குள் டம்ளர் காலியாகிவிடுகிறது.

மறுநாள் கன்னியப்பனின் கடைக்குப் போனோம். இரண்டு தெரு தள்ளி, லாரிகள் நிற்கும் சாலையில் தகரக் கூரை. எனக்காகச் சென்னையிலிருந்து நல்ல பருத்திக் கேன்வாஸ் தருவித்து வைத்திருந்தார். எங்கள் நாட்டில் இதைத் தேடித் தேடி நான் அலுத்துப் போயிருந்தேன். ராணுவப் பச்சை, தொட்டால் சொரசொரப்பு, முகர்ந்தால் எங்கள் கடையில் அப்பா காலத்து வாசனை. பழைய மூடியை விரித்துப் போட்டு, மூலையின் தையலை மட்டும் பிரித்துப் பார்த்தோம். அவர் மடிப்பை விரலால் நீவினார். நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காஞ்சிபுரத்தில் போர்க்கால டிரெய்லருக்கு எங்கே போவது? நான் போனில் சொல்லியிருந்த அளவுப்படி அவர் ஏற்கெனவே வெல்டிங் கடையில் சொல்லி ஒரு இரும்புச் சட்டம் செய்து வைத்திருந்தார், சுற்றிலும் கயிறு மாட்டும் கொக்கிகளோடு. அதை வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்ததும் தெருவே கூடிவிட்டது. உற்சவத்துக்குச் சாமி தூக்கும் பல்லக்கா என்று ஒருவர் கேட்டார். தண்ணீர்த் தொட்டி என்றார் இன்னொருவர். ஒரு பெரியவர் நிதானமாகச் சுற்றிவந்து, "பொணவண்டிதானே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

வெட்டுவது அவர், தைப்பது நான் என்று ஏற்பாடு. பேசி வைத்த ஏற்பாடு இல்லை. தானாக அப்படி ஆகிவிட்டது, அந்தக் காலம் போலவே. மூலை வந்ததும் நான் எழுந்து இடம் கொடுத்தேன். அவர் உட்கார்ந்தார். நான் எதிரில் துணியின் கனத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முழு மத்தியானமும் போனது. இந்த மூன்று வருடத்தில் நான் இழந்தது என்ன என்று யாராவது கேட்டால், அந்த மத்தியானத்தைத்தான் காட்டுவேன்.

பருத்திக் கேன்வாஸ் நனைந்து காயும்போது சுருங்கும். அதனால் தைத்த மூடியை நன்றாக நனைத்து, சட்டத்தின் மேல் கட்டிக் காயவிட வேண்டும். அப்போது அந்த உடம்புக்கு ஏற்றபடி இறுகிக்கொள்ளும். பிறகுதான் மெழுகு தேய்ப்பது. அடுத்த நாள் விடியற்காலையிலேயே நனைத்துக் கட்டிவிட்டோம். அங்கேதான் பிசகினேன். காலை நேரத்தில் அந்தத் தெரு மனிதர்களுடையது இல்லை, பாவுடையது. நெய்வதற்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு மூங்கில் முட்டுகள் மேல் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு நீவுவார்கள். என் பச்சை மூட்டை அதன் பாதையில் தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது.

எதிர்வீட்டு ரமணம்மா கஞ்சிக் கையோடு வந்து தெலுங்கில் நீளமாகப் பேசினார். கன்னியப்பன் எனக்குத் தமிழில் சொன்னார்: இந்தப் பச்சைப் பூதத்தைத் தூக்கிப்போய் ஏரியில் போட வேண்டுமாம், ஒரு சொட்டு என் பாவில் விழுந்தால் உங்கள் மூவரையும் சேர்த்து அதில் சுற்றிவிடுவேன் என்கிறாராம். அக்காவும் ஒரு கை பிடிக்க, சட்டத்தைத் தூக்கித் தெருக்கோடிக்குக் கொண்டுபோனோம். ரமணம்மா பின்னாலேயே வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்காவிடம் இன்னும் ஏதோ ஒன்று சொன்னார். இந்த முறை கன்னியப்பன் சொல்லவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல. மழ வரும்னு சொன்னாங்க."

வானம் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தனபாக்கியம் அக்கா நூலைச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "உன் தம்பிய இஸ்துகினு போவத்தான் வந்திருக்கா, துணி தைக்கவா வந்தான்னு கேட்டா அவ." எனக்கு முகம் சூடாகிவிட்டது. கீழே உருண்ட நூற்கண்டை எடுத்துக் கொடுத்தேன். அக்காவும் பதிலை எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் மூடி காய்ந்ததும் சட்டத்தோடு வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தோம். நான்கு மூலையும் பலகை போலப் படிந்திருந்தன. லிம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. நான் குளித்துவிட்டு வெளியே வருகிறேன், அக்கா சட்டத்தருகே நிற்கிறார், கையில் மஞ்சள் கிண்ணம். மூடியின் முன்மூலையில் கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள்.

"அக்கா! என்ன பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்? புதுத் துணிய மஞ்ச வைக்காத ஊட்ட உட்டு அனுப்புவாங்களா? இந்தத் தெருவுல இருந்து ஒரு கைக்குட்ட கூட அப்பிடிப் போவாது."

நியாயம்தான். எங்கள் வீட்டிலும் தீபாவளித் துணிக்கு அம்மா மஞ்சள் வைப்பார். ஆனால் இது ராணுவ டிரெய்லர் மூடி. அசல் மாறக் கூடாது என்று நூலின் மினுமினுப்பைக்கூட மன்னிக்காத மனிதருக்குப் போக வேண்டியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. துணி துவைக்கும் சோப்பை எடுத்துவந்து பரபரவென்று தேய்த்தேன்.

மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்று தெரியாத தமிழச்சி இருக்கிறாளா? எத்தனை கல்யாணப் புடவை அலசியிருப்பேன்! கண் முன்னே அந்த இடம் இரத்தச் சிவப்பாகிவிட்டது.

ரமணம்மா வாசலிலிருந்து தெலுங்கில் ஏதோ சொன்னார். தெரு சிரித்தது. இந்த முறை மொழிபெயர்க்க யாரும் தயங்கவில்லை. "நீ மஞ்சளு வச்ச, அவ அத்த குங்குமமாவே ஆக்கிக்கினான்னு சொல்றா" என்று அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கன்னியப்பன் ஒரு நொடி சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் நடந்துவிட்டார்.

எலுமிச்சம்பழத்தால் தேய்த்து அக்கா சிவப்பை மறுபடி மஞ்சளாக்கினார். மஞ்சளைப் போக்க வெயில் ஒன்றுதான் வழி; நல்ல வெயிலில் கிடந்தால் தானாக வெளுத்துவிடும். அதற்கு முன் மெழுகு தேய்த்தால் கறை உள்ளேயே தங்கிவிடும். ஆகவே வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது.

ஐப்பசி மழை. மறுநாள் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மழைக்கு விடுமுறை என்று ஆரம்பித்தால் தைப்பிங்கில் ஒரு பிள்ளையும் எழுத்துக் கற்காது. லிம்முக்குப் போன் செய்து, கறை விஷயத்தை மறைத்து, மழை என்று மட்டும் சொன்னேன். தன் டிரெய்லர் போக வேண்டிய பழைய வாகனங்களின் ஊர்வலம் நெருங்குகிறது என்று அவர் நினைவூட்டினார். கவலையோடு பேசிவிட்டு வைத்தேன். வைத்ததும் ஜன்னல் வழியே மழையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பெய்யேன் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் கன்னியப்பனின் மொபெட்டில் திருப்பருத்திக்குன்றம் போனோம். அங்கே ஜைனக் கோயில் கூரையில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. வண்ணம் பார்க்க உங்களுக்குப் பிடிக்கும் என்று கூட்டிப் போனார். பிடித்தது. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தேன். திரும்பும்போது மொபெட்டின் பின்சக்கரம் காற்றிறங்கிவிட்டது. என் பயணத்தில் டயர்கள் எல்லாம் என் பக்கம்தான் போலிருக்கிறது. அவர் வண்டியைத் தள்ள, நான் பக்கத்தில் நடந்தேன். வயலெல்லாம் தண்ணீர் நின்றது. இந்தப் பக்கம் மாகறல் வரை தன் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள் என்றார். தான் எந்தச் சேற்றிலும் இறங்காமல் கப்பலேறி வெளிநாடு போனவன் என்று அப்பாவுக்குப் பெருமையாம்.

"கப்பலா? விமானத்திலதானே வந்தீங்க?"

"அப்பாவுக்கு அல்லாமே கப்பலுதான்."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "கடையில இப்ப மூலை யாரு தைக்கிறாங்க?"

"யாரும் இல்ல" என்றேன். அப்போதே கேட்டிருக்க வேண்டும். பஞ்சர் கடை வந்துவிட்டது.

மழையின் மூன்றாவது நாள், மத்தியானச் சாப்பாட்டில், அக்கா ரசத்தை ஊற்றியபடியே உடைத்துவிட்டார்.

"ரெண்டு பேரும் எத்தினி நாளு துணியப் பத்தியே பேசிக்கினு இருப்பீங்க? டேய், என் காலு நல்லாயி எத்தினி மாசம் ஆவுது? மாட்டத் தொரத்திக்கினு தெருக்கோடி வரிக்கும் ஓடறேன். என்னிய சாக்கு சொல்லிக்கினு இங்கியே குந்திக்கினு இருக்குற."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இதற்கு மேல் பேசாமல் இருந்தால் இந்தப் பயணத்துக்கே அர்த்தமில்லை.

"என்கூட வந்துடுங்க" என்றேன். "மூடிக்காக வரல நான். உங்கள கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவர் பிசைந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினார். "கூலிக்கு கூப்புட்டா நாளைக்கே வந்துடுவேன், தவுக்கே. நீங்க கூலிக்கு கூப்புடலியே."

"இல்ல."

"அங்க நான் எத்தினி வருசம் உங்க கடையில சம்பளம் வாங்கினவன்? ஊருக்கே தெரியும். அதே ஊருல, அதே கடையில, நான் உங்களுக்கு வேற ஆளா எப்பிடி இருக்கறது? நீங்க எதுனா வேல சொன்னா செய்வேன். செஞ்சா மறுபடியும் கூலிக்காரன்தான். செய்யாத குந்திக்கினு இருந்தா, தவுக்கே சோறு போட்டு வச்சிருக்காங்கன்னு சொல்லுவாங்க."

"அப்ப இவள இங்க வரச் சொல்லேன்டா" என்றார் அக்கா.

"எப்படி வருவேன்க்கா? அங்க கடை இருக்கு. அதை நம்பி மூணு குடும்பம் இருக்கு" என்றேன். அக்கா எழுந்து, யார் மேலேயோ கோபம் போல, ரசச் சட்டியை நங்கென்று வைத்தார். எனக்குக் கன்னியப்பன் மேல் கோபம் இல்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் சுள்ளென்று வெயில்.

பாவுக்கு இடைஞ்சல் இல்லாமல் தெருக்கோடியில் சட்டத்தை வைத்து மூடியைக் கட்டினோம். ரமணம்மாவே வந்து, மூலை வெயிலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். நான் அடிக்கடி போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மஞ்சள் கொஞ்சம் குறைந்திருந்தது. வெளுக்காதே, இரு, என்று ஒரு கறையிடம் கெஞ்சிய பெண் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டாள். சாயங்காலத்துக்குள் இருந்த இடம் தெரியவில்லை.

அடுத்த நாள் மெழுகு. உருக்கிய தேன்மெழுகை எண்ணெயில் கலந்து, சூடு ஆறுவதற்குள் துணியில் தேய்க்க வேண்டும். அவர் ஒரு ஓரத்திலிருந்து வந்தார், நான் எதிர் ஓரத்திலிருந்து. நடுவில் சந்தித்தோம். இருவர் கையும் மெழுகாக இருந்தது. "ஆச்சி" என்றார். "ஆச்சு" என்றேன். மூடியை மடித்துப் பெட்டியில் வைத்தபோது என் புடவைகளுக்கு இடமில்லை. இரண்டை அக்காவுக்கு விட்டுவந்தேன். காஞ்சிபுரத்துக்குப் போய்ப் புடவையைக் கொடுத்துவிட்டு வந்தவள் என்று என் தோழிகள் இன்றுவரை கேலி செய்கிறார்கள்.

பேருந்து நிலையத்துக்கு அவர்தான் கொண்டுவந்து விட்டார். இட்லிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்ட காஞ்சிபுரம் இட்லி. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் கீழே நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேருந்தின் சக்கரத்தையே பார்த்தபடி இருந்தார். விடைபெறும்போதும் டயரைத்தான் பார்ப்பாரா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"தவுக்கே, ஒண்ணு கேக்கணும். உங்க ஊர சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு விசா குடுக்கறாங்களே, அதுல வேல செய்யக் கூடாதில்ல?"

"கூடாது. செஞ்சா பிடிச்சுட்டுப் போயிடுவாங்க."

"ஊசியத் தொட்டாக் கூடவா?"

"தொட்டாக்கூட."

"அப்ப அதுல வர்றேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"வேல செய்யவே கூடாதுன்னு கவுருமெண்ட்டே எழுதிக் குடுத்துட்டா, அப்பால நான் உங்க கடைக்கு ஆளு இல்லயில்ல? ஊருல எல்லாரும் கேப்பாங்க, வேலைக்கும் வரல, பின்ன இவரு உங்களுக்கு யாருன்னு. நீங்கதான் பதிலு சொல்லணும். நீங்க சொல்ற பதில வச்சி, இருக்கறதா, போறதான்னு நான் பாத்துக்கறேன்."

நடத்துநர் விசில் ஊதிவிட்டார். நான் ஏதோ சொன்னேன், என்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. தாம்பரம் வரை அழுதுகொண்டே இட்லி தின்றேன். பக்கத்திலிருந்தவர் காரமா என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

லிம் டிரெய்லரில் மூடியைக் கட்டியபோது நான் அருகில் நின்றேன். நான்கு மூலையும் கச்சிதம். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். எழுந்து என் கையைக் குலுக்கினார். ஊர்வலத்தன்று வழக்கம்போல் மழை கொட்டியது. டிரெய்லருக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அவர் சந்தோஷத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் நனைந்துகொண்டே கன்னியப்பனுக்குப் போன் செய்து சொன்னேன். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்ததாம்; புதியதற்கு எழுதிப் போட்டிருக்கிறாராம்; போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனாராம். எதற்கு வெளிநாடு போகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, அக்கா முந்திக்கொண்டு, "ஊர சுத்திப் பாக்க" என்றாராம்.

இன்னும் வரவில்லை. விமானச் சத்தம் கேட்டால் கடைவாசலுக்குப் போய் நிற்கும் வயதா எனக்கு? நிற்கிறேன். கடையில் எல்லோரிடமும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்: ஊரிலிருந்து ஒருவர் வரப்போகிறார், அவர் கையில் யாரும் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடக் கூடாது. ஏன் என்று கேட்டார்கள். யார் என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று தினமும் தயாராகத்தான் கடை திறக்கிறேன்.